ஐஸ் தொழிற்சாலை, விடுதி, வெங்காயத் தோட்டம்: கலப்பு மின்சாரக் கணக்குக்கு எந்த மென்பொருள்?

மூன்று இடம், மூன்று மீற்றர், ஒரே முதலாளி. எல்லாம் திருகோணமலைப் பக்கம்: கொட்பேயில் ஐஸ் தொழிற்சாலை, நிலாவெளியில் சின்ன விடுதி, குச்சவெளியில் கிணற்றுப் பம்போடு ஒரு வெங்காயத் தோட்டம். எந்த இடத்தில் எவ்வளவு சோலார் போடுவது, பற்றரி தேவையா, காற்றாலை சரிவருமா, பழைய டீசல் ஜெனரேற்றரை விற்றுவிடலாமா என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். அவரிடம் ஏற்கெனவே ஒரு கட்டு கொட்டேஷன் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மென்பொருள் வரைந்த கலர் படம். ஒன்று சொன்னதை மற்றது சொல்லவில்லை. அதனால் கணக்குப் போடுவதற்கு முன்னால், எதில் போடுவது என்பதே தனி வேலையாகிவிட்டது. மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணப் பக்கம் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கும் உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் மின்பட்டியல்

மென்பொருள் எதையும் நிறுவுமுன் மூன்று இடத்துப் பட்டியல்களையும் மேசையில் விரித்தேன். ஐஸ் தொழிற்சாலைக்கு நேரம் பார்த்து விலை மாறும் தொழிற்துறைக் கட்டணம்: காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல் விலை, 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச விலை, அதன்பின் விடியும்வரை மலிவு விலை. மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த அதிகூடிய மின்சாரத்துக்கு, கேவிஏ என்ற அளவில், பட்டியலில் தனியாக இன்னொரு வரி. விடுதிக்கு மே முதல் செப்டம்பர் வரை சீசன். ஏசி ஓடுவது பெரும்பாலும் இரவில். தோட்டத்துப் பம்பு பகலில் எந்த நேரம் ஓடினாலும் சரி, மாரி மழையில் ஓடவே வேண்டியதில்லை.

இதில் நடுநாயகம் ஐஸ்தான். கணக்கைப் பாருங்கள். 30 பாகை நீரைப் பூச்சியத்துக்கு இறக்க, தொன் ஒன்றுக்கு 35 யூனிட் (கிலோவாற்-மணி) அளவு வெப்பத்தை எடுக்க வேண்டும். அதை உறையவைக்க மேலும் 93 யூனிட். குளிரூட்டி ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை, மூன்று யூனிட் வெப்பத்தை இழுக்கும் என்று வைத்தால், 45, 50 யூனிட்டில் முடிய வேண்டும். ஐஸ் அச்சுகள் அமிழ்ந்திருக்கும் உப்புநீர்த் தொட்டியைக் கலக்கும் மோட்டர், பம்பு, சுவர் வழியே போகும் இழப்பு எல்லாம் சேர, நம் வெப்பநிலையில் கட்டி ஐஸுக்குத் தொன்னுக்கு 55 முதல் 70 யூனிட் வரை போகும். நாங்கள் 60 என்று எடுத்தோம். நாளுக்குப் பத்துத் தொன் என்றால் 600 யூனிட்.

இப்போது முக்கியமான இடம். நண்பகல் வெயிலில் உறையவைத்த ஐஸை, காப்பிட்ட அறையில் அடுக்கி வைத்து மறுநாள் படகுகளுக்குக் கொடுக்கலாம். பதினைந்து தொன் கொள்ளும் அறை, 900 யூனிட் மின்சாரத்தைப் பிடித்துவைத்த மாதிரி. அந்த அளவு லித்தியம் பற்றரிக்குக் கொட்டேஷன் கேட்கவே முதலாளி துணிய மாட்டார். ஆகவே என் முதல் சோதனை இதுதான்: "ஐஸை முன்கூட்டியே செய்து வைக்கலாம்" என்பதை எந்த மென்பொருளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியும்? அது முடியாத கருவி, இந்த இடத்தில் தேவையில்லாத பற்றரியைத்தான் விற்கச் சொல்லும். கொட்டேஷன்களில் பெரும்பாலானவை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

ஒரு கட்டுப்பாடும் உண்டு. தடித்த ஐஸ் கட்டி உள்வரை உறையப் பல மணி நேரம் எடுக்கும். வெயில் இருக்கும்போது மட்டும் ஓட்டி, மற்ற நேரம் நிறுத்திவைக்கும் தொழில் இது இல்லை. ஆனால் உப்புநீர் ஒருமுறை நன்றாகக் குளிர்ந்துவிட்டால், உச்ச விலை நான்கு மணி நேரமும் கொம்பிரசரை நிறுத்திவைக்கலாம். அங்கே வேலை செய்பவர்களுக்கு இது ஏற்கெனவே தெரியும்; மென்பொருளுக்குத்தான் தெரியாது.

பார்த்துவிட்டு வைத்தவை

கனடா அரசின் இயற்கை வளத் திணைக்களம் செய்த ரெட்ஸ்கிரீன், மாதத்துக்கு ஒரு எண் என்ற அளவில் கணக்குப் போடும். இந்தத் திட்டத்தைப் பற்றி யோசிக்கலாமா வேண்டாமா என்று ஒரு மாலைக்குள் தெரிந்துகொள்ள நல்ல கருவி. ஆனால் உச்ச விலை என்பது நாளுக்கு நான்கு மணி நேரப் பிரச்சினை. மாதச் சராசரியில் அது மறைந்துவிடும்.

டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்து எனர்ஜிபிளான், நீண்டகாலத் திட்டமிடலுக்கான ஓசிமோசிஸ் இரண்டும் இலவசம், மரியாதைக்குரியவை. ஆனால் அவை நாடு, மாகாணம் அளவில் யோசிப்பவை. மின்சார சபையில் இருப்பவர்களுக்குப் பொருந்தும். ஐஸ் தொழிற்சாலைக்குப் பெரிய சட்டை.

பிவிசிஸ்ட் சுவிட்சர்லாந்தில் பிறந்தது. சோலார் மட்டும் என்றால் அதை அடிக்க ஆள் இல்லை. விடுதிக் கூரைமேல் தென்னை நிழல் எந்த மாதம் எந்த நேரம் எந்தச் சோலார்ப் பலகையில் விழும் என்று முப்பரிமாணத்தில் காட்டும். வங்கிக்காரர் "பத்தில் ஒன்பது வருடம் இதற்குக் குறையாது" என்ற எண்ணைக் கேட்டால் இதன் அறிக்கையைக் கொடுக்கலாம். ஆனால் டீசலும் காற்றும் ஐஸும் கலந்த கணக்கு அதன் வேலை இல்லை. வங்கிக் கடன் கேட்கும்போது சந்தா கட்டிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தோம்.

ஹோமர்

கலப்பு மின்சாரம் என்றால் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் இது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க சக்தி ஆய்வுகூடத்தில் 1990களில் கிராம மின்சாரத்துக்காகத் தொடங்கி, பிறகு தனி நிறுவனமாகி, இப்போது கட்டண மென்பொருள். வருடத்தின் 8,760 மணி நேரத்தையும் ஒவ்வொன்றாக நடத்திப் பார்த்து, நாம் கொடுத்த அளவுகளில் எந்தக் கலவைக்கு ஆயுட்கால மொத்தச் செலவு குறைவு என்று வரிசைப்படுத்தித் தரும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு என இந்திய நிதியில் திட்டமிட்ட கலப்புத் தொகுதிகளை எடுங்கள்: மூன்றுக்கும் சேர்த்து 530 கிலோவாற் காற்று, 1,700 கிலோவாற் சோலார், 2,400 கிலோவாற்-மணி பற்றரி, 2,500 கிலோவாற் டீசல். நாட்டின் பெரிய மின் வலையமைப்போடு சேராத தீவு, ஒரே டீசல் நிலையம், அதன்மேல் காற்றும் வெயிலும். ஹோமர் பிறந்ததே இப்படிப்பட்ட இடத்துக்கு.

ஐஸ் சோதனையிலும் ஹோமர் பாதி தேறியது. தள்ளிப்போடக்கூடிய சுமை என்று ஒரு வகை அதில் உண்டு. நீர்ப்பம்பு, ஐஸ் போன்றவற்றுக்காகவே வைத்தது. குச்சவெளிப் பம்பு அதில் அச்சாகப் பொருந்தியது. ஐஸ் தொழிற்சாலையில், அறை எவ்வளவு கொள்ளும் என்று சொல்லலாம், நாளுக்கு எவ்வளவு கரையும் என்று சொல்ல இடமில்லை.

அதைவிடப் பெரிய தடை, ஒரு கோப்பில் ஒரு இடம்தான். எங்களுக்கு மூன்று இடம். ஒன்றின் மின்சாரத்தை மற்றதற்கு அனுப்ப முடியாது. மூன்றையும் இணைப்பது முதலாளியின் பணப்பை மட்டுமே. விடுதியில் போடும் ஒரு லட்சமும் ஐஸ் தொழிற்சாலையில் போடும் ஒரு லட்சமும் ஒரே பையிலிருந்து போகிறது. அந்தப் பங்கீட்டைக் கணினி செய்ய வேண்டும் என்றுதான் நான் இதில் இறங்கினேன். ஹோமரில் அதை நாமேதான் கையால் செய்ய வேண்டும். அத்தோடு சந்தா டொலரில். 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதைப் பார்த்தவர் யாரும் மாதச் சந்தாவை யோசிக்காமல் கட்ட மாட்டார்.

சாம், பைப்சா

சாம் அதே அமெரிக்க ஆய்வுகூடத்தின் இலவச மென்பொருள், மூலநிரலும் திறந்தது. விண்டோஸ், மாக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பலகை, இன்வேர்ட்டர், சாய்வு, அழுக்கு இழப்பு எல்லாம் நுணுக்கமாகக் கொடுக்கலாம். வலையமைப்புக்கு அனுப்பும் அளவுக்கு வரம்பு வைக்கலாம். நிதிப் பகுதி அமெரிக்க வரிச் சட்டத்தை மனதில் வைத்து எழுதியது, அதைத் தொடாமல் விட்டேன். டீசலையும் ஐஸையும் சேர்த்து எது சிறந்த கலவை என்று அதனிடம் கேட்க முடியாது. "இந்தக் கூரையில் மணிக்கு மணி எவ்வளவு யூனிட்" என்ற ஒரே கேள்விக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

பைப்சா, பைதன் என்ற கணினி மொழியில் ஓடும் திறந்த நிரல். ஜெர்மனியில் பிறந்து, இன்று பேர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வளர்கிறது. மவுஸ் பிடித்து இழுக்கும் திரை இதில் கிடையாது, எல்லாம் எழுத வேண்டும். பைதன் தெரியாதவர் இதில் இறங்கினால் ஆரம்பத்தில் கஷ்டப்படுவார் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஐஸை அதற்குச் சொல்லிக்கொடுப்பது மிகச் சுலபம். மின்சாரத்துக்கு ஒரு சந்தி, அதாவது வரவும் செலவும் சமமாக வேண்டிய புள்ளி; ஐஸுக்கு ஒரு சந்தி. இரண்டுக்கும் நடுவே கொம்பிரசர் என்ற இணைப்பு: ஒரு யூனிட் உள்ளே போனால் அறுபதில் ஒரு தொன் வெளியே வரும். ஐஸ் சந்தியில் பதினைந்து தொன் களஞ்சியம், அதில் மணிக்கு இவ்வளவு கரையும் என்று ஓர் எண். கொம்பிரசர் நின்று ஓட எடுக்கும் கட்டாய நேரத்தைக் கொடுத்தால் கணக்குக் கொஞ்சம் கனக்கும். ஹைஸ் என்ற, கணக்கைத் தீர்த்துத் தரும் இலவச நிரல் அதையும் சமாளித்தது. மூன்று இடத்தையும் மூன்று தனிச் சந்தியாக, இடையில் கம்பி இல்லாமல் வைத்து, மொத்த முதலீடு இந்தத் தொகையைத் தாண்டக்கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை எழுதினால் போதும். பணப்பையின் பிரச்சினை அங்கே தீர்ந்தது.

பைப்சாவில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கையேட்டை மேலோட்டமாகப் படிப்பவர் தாண்டிப் போய்விடுவார். அது வருடம் முழுவதையும் ஒரே மூச்சில் தீர்க்கிறது. அதாவது அடுத்த செவ்வாய்க்கிழமை மழை என்பது அதற்குத் திங்கட்கிழமையே தெரியும். வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுகிற மாணவன்தான். பற்றரியை அது நிரப்புவதும் இறக்குவதும் அத்தனை அழகாக இருக்கும். உண்மையில் எந்த இன்வேர்ட்டரும் அப்படி நடக்காது. ஹோமரின் வழக்கமான விதிகள் எளிமையானவை, சில நேரம் முட்டாள்தனமானவைகூட, ஆனால் அவை எதிர்காலத்தைப் பார்ப்பதில்லை. அதனால் பைப்சாவை இரண்டு நாள் சாளரமாக நகர்த்தி நகர்த்தித் தீர்க்கவைத்தேன். பற்றரி காட்டிய இலாபம் நன்றாகவே இறங்கியது. ஐஸ் அறை காட்டிய இலாபம் ஏறக்குறைய அப்படியே நின்றது. தினமும் ஒரே மாதிரி வரும் உச்ச நேரத்தைத் தவிர்க்க வானிலை தெரிந்திருக்க வேண்டியதில்லை, அதுதான் காரணம்.

அரை மணி நேரத்தின் கதை

எந்த மென்பொருள் என்பதைவிட எந்த வானிலைத் தரவு என்பதே விடையை அதிகம் ஆட்டியது. நாசா பவர், ரினியூவபிள்ஸ் நிஞ்சா என்ற இணையத்தளங்கள் இரண்டும் மணிக்கு மணி வெயில், காற்றுத் தரவை இலவசமாகத் தரும். இரண்டும் உலகப் பொது நேரத்தில் தரக்கூடியவை. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். தரவு ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி. ஐந்து வரி நகர்த்தினால் அரை மணி குறையும், ஆறு நகர்த்தினால் அரை மணி கூடும்.

திருகோணமலை 81.2 பாகை கிழக்கில் இருப்பதால் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.05க்கு. தரவை இறக்கியதும் மேகமில்லாத ஒரு நாளை எடுத்து, வளைவின் முடி அந்த நேரத்துக்கு வருகிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. நம் கட்டண எல்லைகளான 5.30, 18.30, 22.30 மூன்றும் அரை மணியில் விழுகின்றன. உலகப் பொது நேரத்தில் அவை 00.00, 13.00, 17.00. முழு மணி! ஆகவே பைப்சா மாதிரி முழுவதையும் உலகப் பொது நேரத்திலேயே ஓடவிட்டு, படம் வரையும்போது மட்டும் இலங்கை நேரத்துக்கு மாற்றினேன். எதையும் பாதியாக வெட்ட வேண்டியிருக்கவில்லை. ஐஸ் தொழிற்சாலைச் சேமிப்பின் பெரும்பகுதி அந்த நான்கு மணி நேரத்தில் இருப்பதால் இது சின்ன விஷயமில்லை.

தரவைச் சரிபார்க்க விடுதியின் பழைய சோலார் கைகொடுத்தது. 2016இல் தொடங்கிய அரசின் கூரைச் சோலார்த் திட்டத்தில் சேர்ந்து, முதல் ஏழு வருடம் யூனிட் 22 ரூபா வாங்கி, இப்போது 15.50க்கு இறங்கிய தொகுதி அது. அதன் இன்வேர்ட்டர் பதிவை எடுத்து, வலையமைப்பு மின்னழுத்தம் கூடி நண்பகலில் தானாக நின்ற நிமிடங்களை நீக்கிவிட்டு சாமின் கணக்கோடு ஒப்பிட்டேன். கோடை மாதங்கள் நன்றாகவே ஒத்தன. கிலோவாற் ஒன்றுக்கு நாளுக்கு நாலு யூனிட் என்று நம் சோலார்க்காரர்கள் வாயால் சொல்லும் கணக்கும் பிழையில்லை. ஆனால் நவம்பர், டிசம்பரில் செய்மதித் தரவு வெயிலைக் கூட்டிக் காட்டியது. அந்த மாதங்களைப் பதிவை வைத்துக் குறைத்தேன்.

காற்றாலை ஆசை

"தம்பி, மன்னாரில அவ்வளவு காத்தாடி சுத்துது. இஞ்ச கச்சான் அடிக்கேக்க கூரையே பறக்குது. ஒண்டு போட்டா என்ன?" என்று முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்விதான். சீசனும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்றும் ஒரே மாதங்கள். விடுதிக்கு மின்சாரம் தேவைப்படும்போதே காற்றும் அடிக்கிறது. காகிதத்தில் இதைவிட நல்ல சோடி கிடையாது.

ஆனால் மன்னாரின் 103.5 மெகாவாற் காற்றாலைப் பூங்காவில் நிற்பவை முப்பது இராட்சத யந்திரங்கள். விடுதி வளவில் நாம் நிறுத்தக்கூடியது பன்னிரண்டு மீற்றர்க் கம்பம். நாசா தரவில் நான் எடுத்தது 50 மீற்றர் உயரத்துக் காற்று. உயரம் குறையக் காற்றின் வேகம் எவ்வளவு குறையும் என்று சொல்லும் வழக்கமான ஏழில் ஒன்று அடுக்கு விதிப்படி 12 மீற்றருக்கு இறக்கினால் வேகம் 82 வீதம். காற்றின் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கம் என்பதால் கையில் வருவது 54 வீதம்தான். இது வெட்டவெளிக்கு. மரங்கள் நிறைந்த நிலத்துக்கு நாலில் ஒன்று என்று போட்டால் வேகம் 70 வீதம், சக்தி 34. கச்சான் தென்மேற்கிலிருந்து தரை வழியாக, தென்னையும் வீடும் தாண்டி வருகிறது. கடல் பக்கமிருந்து தடையில்லாமல் வருவது மாரிக்கால வாடை. அப்போது விடுதியில் ஆளில்லை. இத்தனை பெரிய கட்டத்துக்கு ஒரே எண் தரும் தரவில் இந்த வேறுபாடு தெரியாது. ஐம்பது அறுபது கிலோமீற்றர்ச் சதுரம் ஒன்றில் கடலும் நிலாவெளியும் உள்நாட்டுக் காடும் ஒன்றாகக் கலந்திருக்கும்.

34 வீதத்தோடு ஓட்டியபோது பைப்சா காற்றாலைக்கு ஒரு ரூபாகூட ஒதுக்கவில்லை. 54 வீதத்திலும் ஒதுக்கவில்லை. உப்புக்காற்றில் பராமரிப்புச் செலவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. முதலாளிக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. வேகமானி ஒன்றைக் கம்பத்தில் கட்டி ஒரு கச்சான் காலம் முழுக்க அளந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். காற்றாலையின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

விற்க முடியாத யூனிட்

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் நின்று நாடு முழுக்க இருண்டது. அந்த ஏப்ரல் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது. மின்சாரத் தேவை குறைந்த நாளில் நண்பகல் வெயில் அதற்குத் தலையிடி. சம்பூரில் ஒருகாலத்தில் நிலக்கரிக்கு ஒதுக்கிய இடத்தில் 120 மெகாவாற் சோலார் வரவிருக்கிறது. ஆகவே நண்பகல் யூனிட்டை இன்றைய விலைக்கே இருபது வருடம் விற்கலாம் என்று எழுதிய கொட்டேஷன்களை நான் நம்பவில்லை. பைப்சாவில் ஞாயிறு, விடுமுறை நாள் நண்பகல்களில் வெளியே அனுப்பும் அளவைப் பூச்சியமாக்கி இன்னொரு முறை ஓட்டினேன். விடுதியில் சோலாரின் அளவு குறைந்தது. ஐஸ் தொழிற்சாலையில் குறையவே இல்லை. அங்கே நண்பகல் யூனிட் எல்லாம் ஐஸாகிவிடுகிறது.

கடைசியில் சோலார், வானிலைக்குச் சாம். பணத்தைப் பங்கிட பைப்சா. விடுதியும் ஜெனரேற்றரும் மட்டும் சேர்ந்த கணக்கை இன்னொரு கண்ணால் பார்க்க ஹோமரின் இலவசச் சோதனைக் காலம். முதலாளிக்குக் காட்ட எக்செல், மூன்று இடத்துக்கும் ஒரே பக்கம். எந்த எண்ணை மாற்றினால் எது மாறும் என்று அவரே விரலால் தட்டிப் பார்க்க அதுதான் வசதி.

ஜெனரேற்றர் விற்பனையை மட்டும் கணக்கு ஒப்பவில்லை. மென்பொருள்கள் வழக்கமாக எடுக்கும் "மாதிரி வருடம்" பல வருடங்களின் சாதுவான மாதங்களைக் கோர்த்தது. அதை வைத்தால் டீசல் தேவையே இல்லை என்று வந்தது. நான் அதை விட்டு, உண்மையான வருடங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் கரையேறியது திருகோணமலைக்கு வடக்கே, தோட்டம் இருக்கும் அந்தப் பக்கம்தான். அந்த வாரத்தில் வெயிலையும் மெயின் கரண்டையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்தபோது விடுதியின் பற்றரி முதல் இரவையே தாண்டவில்லை. இப்போதுள்ள ஜெனரேற்றர் தேவைக்கு மிகப் பெரியது, குறைந்த சுமையில் டீசலைக் குடிக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு, தண்ணீர்ப் பம்பும் குளிர்ப்பெட்டியும் விளக்கும் மட்டும் தாங்கும் சின்னதொன்று வாங்குவதாக முடிவாகி, அதற்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.